கோபித்துக் கடலுக்குப் போனவள்

கன்னிமார் திட்டு,
அரிமளம் வழி.
20.10.2024

அன்புள்ள மகள் அழகிக்கு,

உன் அப்பா செல்லமுத்து சொந்தக் கையால் எழுதுவது. இங்கே நான் சுகம். ஆடுகள் சுகம். உன் சின்னம்மா மூக்காயியின் வாயும் சுகம். திருச்சியில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

எழுத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்துவிடாதே. நான்தான். நீ போன பிறகு அங்கன்வாடியில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தார்கள். தேவிப்ரியா டீச்சர் வருகிறார். என் பேத்தி வயதுதான் இருக்கும். "தாத்தா, வளைவு பத்தல, இன்னும் வளைங்க" என்கிறார். இந்த வயதில் என்னை வளையச் சொல்கிற முதல் ஆள் அவர்தான், கோபம் வராமல் வளைகிறேன். பிழைகளைப் பென்சிலில் திருத்தித் தருவார். நான் நல்ல தாளில் பார்த்து எழுதுவேன்.

உன் பெயரில் நடுவில் ஒரு ழ இருக்கிறது, அம்மாடி! அதை எழுதுவது ஓணானைப் பிடிப்பது போல. வாலைப் பிடித்தால் தலை நழுவுகிறது. இப்போது பிடித்துவிட்டேன். மேலே பார், பிடித்து வைத்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் எழுத்து என்னைக் கூப்பிடுகிறது. பஸ் நெற்றியில், பிஸ்கட் உறையில், உரச்சாக்கில். இத்தனை காலம் இவையெல்லாம் என் முன்னாலேயே நின்று பேசிக்கொண்டிருந்திருக்கின்றன, எனக்குத்தான் காது இல்லாமல் போயிற்று.

உன் போன் கோர்ட்டில் சாட்சிப் பொருளாக இருக்கிறது. எனக்கு என்றைக்கும் போன் கிடையாது. அதுவும் நல்லதுதான். இல்லாவிட்டால் நான் ஏன் கடிதம் எழுதப் போகிறேன்?

வக்கீல் சவரியப்பன் ஐயா வந்திருந்தார். கரிமூட்டத்து முதலாளி மேல் நீ கொடுத்த வழக்கில், நாம் இருளர் என்கிற சான்றிதழை வைத்தால்தான் வன்கொடுமைச் சட்டம் சேருமாம். சேராவிட்டால் வழக்கு இளைத்துப்போகும் என்கிறார். இந்த மாவட்டத்தில் இருளரே கிடையாது என்று அந்தப் பக்கத்து வக்கீல் பேசுகிறாராம். கரிமூட்டத்துக்கு மரம் வெட்ட என் அப்பா காலத்தில் செங்கல்பட்டுப் பக்கமிருந்து லாரியில் ஏற்றிவந்து இங்கே இறக்கிவிட்டார்கள். இறக்கும்போது கோடாலி கொடுத்தார்களே தவிரத் தாள் எதுவும் கொடுக்கவில்லை. விசாரிக்க ஒரு அதிகாரி வருவார். வந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஐயா சொல்கிறார்.

நடந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, கேட்கவும் மாட்டேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று மட்டும் கேட்பேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எழுதி விரல் வீங்கிய உன் அப்பா,
செல்லமுத்து


திருச்சி,
2.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு அழகி எழுதுவது.

நான் நலம். உங்கள் நலமும் ஆடுகளின் நலமும் அறிந்தேன். சின்னம்மாவின் வாயைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

கடிதம் வந்தபோது விடுதி வார்டன் ஷர்லி அக்கா, "ஒனக்கு யாரு அழகி இவ்வளவு பெரிய எழுத்துல எழுதுறது? சின்னப் புள்ளையா?" என்று கேட்டார். "எங்க அப்பா" என்றேன். நம்பவில்லை. படித்துக் காட்டினேன். ஓணான் வந்த இடத்தில் தையல் கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாகக் கேட்டது.

இங்கே தலையணை உறை தைக்கிறோம். வெள்ளை உறை, ஓரத்தில் நீலப் பூ. எங்கோ யாரோ தலை வைத்துத் தூங்குவதற்கு. தைத்து அடுக்கியதைப் பார்த்தால் கொக்குகள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

சாப்பிடுகிறேன். தூங்குகிறேன்.

அதிகாரி வந்தால் எழுதுங்கள். மூட்டத்துப் பக்கம் போகாதீர்கள். ஆட்டையும் அங்கிட்டு ஓட்டாதீர்கள்.

தினமும் உங்கள் முகத்தை நினைக்கும்,
அழகி


கன்னிமார் திட்டு,
24.11.2024

என் செல்ல மகள் அழகிக்கு,

அப்பா எழுதுகிறேன். மழை நன்றாகப் பெய்கிறது. கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. நடுவில் காய்ந்த இடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சளி கிளி பிடிக்காமல் நீ இருக்கிறாயா?

அதிகாரி வந்தார்! கேட்டால் சந்தோஷப்படுவாய்.

ஜீப் வந்து தைலமரக் காட்டு ஓரத்தில் நின்றது. நம் ஆட்கள் எல்லோரும் பின்னால் நின்றார்கள். நான் மட்டும் முன்னால் போனேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன், உன் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்ததுதான். ஜீப்பின் மேல் இருந்ததைச் சத்தமாகப் படித்தேன். "தமிழ்நாடு அரசு."

"அட, பெரியவருக்குப் படிக்கத் தெரியுமா?" என்றார் அதிகாரி.

"தெரியுமுங்க. எழுதவும் தெரியும்" என்றேன்.

அவர் பெயரைக் கேட்டு நம் வீட்டுக் கதவில் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். அவர் சிரித்தார். கூட வந்த கிளார்க்கும் சிரித்தார். மழைச்சாரலில் அது அழிந்துவிடாமல் நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாம்பு பிடிப்பீங்களா?" என்று கேட்டார்.

"முன்னாடி பிடிச்சேனுங்க. இப்ப கண்ணு செத்துப்போச்சு. எழுத்தைப் பிடிக்கவே கண்ணாடி போட்டுருக்கேன்."

"எலி?"

"ரேசன் அரிசி கிடைக்குதுங்க, போதும்."

அப்புறம் எல்லோரும் வாக்குமூலத்தில் கைநாட்டு வைத்தார்கள். என் முறை வந்ததும் கிளார்க் மைப்பெட்டியை நீட்டினார். நான் அதை இங்கிட்டு ஒதுக்கி வைத்தேன். "பேனா குடுங்க சார்" என்றேன். அழகி, அந்தக் காட்டில் அப்போது மழை நின்றுவிட்டது. சத்தியமாக நின்றது. என் முழுப் பெயரையும் எழுதினேன். கடைசி எழுத்து முடிகிறவரை ஜீப், அதிகாரி, காடு எல்லாம் காத்திருந்தன.

அன்றைக்கு ஒரு கனவு வந்தது. உன் அம்மா முன்பு தழை ஒடிக்கப் போவாளே, அதே மாதிரி தலையில் கட்டுச் சுமந்து வருகிறாள். இறக்கிப் பார்த்தால் கட்டு முழுக்க எழுத்து. பச்சை எழுத்து. "ஆட்டுக்குப் போடு" என்கிறாள். ஆடுகள் மென்று தின்கின்றன. நான் சிரித்து எழுந்தேன்.

சீக்கிரம் பதில் எழுது. தபால்காரர் இப்போது நம் திட்டுக்குள்ளேயே வருகிறார். முன்பு ரோட்டோடு போய்விடுவார்.

உன் பெருமைக்காரத் தகப்பன்,
செல்லமுத்து


கன்னிமார் திட்டு,
29.12.2024

அன்பு மகள் அழகிக்கு,

நலமா? உன் பதில் வரவில்லை. தையல் வேலை அதிகமாக இருக்கும். நான் சுகம்தான். ஒரு ஆடு இரட்டைக் குட்டி போட்டது, இரண்டும் கிடாய்.

இதை டீச்சரிடம் காட்டவில்லை. பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

வக்கீல் ஐயா உனக்கும் சொல்லியிருப்பார். அதனால்தான் நீ எழுதவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அதிகாரியின் அறிக்கை வந்துவிட்டது. ஐயா அதை மெதுவாக வாசித்தார். விண்ணப்பதாரரின் தந்தை எழுத்தறிவு உள்ளவர், நாகரிகமான உடை அணிந்திருந்தார், பழங்குடியினருக்கு உரிய பழக்கவழக்கம் எதுவும் காணப்படவில்லை, ஆகையால் சான்றிதழுக்குப் பரிந்துரை இல்லை.

"இது யாரு, என்னையா சொல்றாக?" என்று கேட்டேன்.

"உங்களத்தான் ஐயா" என்றார். பாவம், அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மூக்காயி விடுவாளா? "ஆபீசர் பேரக் கதவுல எழுதிக் குடை பிடிச்சியே மச்சான், ஒன்ன ஆபீசராவா ஆக்கிட்டாக? நாங்க அத்தன பேரும் கட்டவெரல வச்சிட்டு வாய மூடிக்கிட்டு நின்னோம். ஒனக்கு மட்டும் பேனா கேட்டுச்சு!"

அவள் திட்டிவிட்டு, பிறகு அவளே கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, "குடி" என்று சொல்லிப் போனாள். கண் சிவந்திருந்தது.

எனக்கு எழுத்து வந்ததும் உனக்கு வழக்கு போகிறது. இது எந்தக் கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. பேனாவைக் கூரையில் செருகி வைத்துவிட்டேன். வகுப்புக்குப் போகவில்லை. போகும் வழியில் எழுத்துகள் கூப்பிடுகின்றன, காது கேட்காதவன் மாதிரி நடக்கிறேன். இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் பேனாவை எடுத்தேன்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அப்பா


திருச்சி,
18.1.2025

அன்புள்ள அப்பா,

பொங்கலுக்கு வர முடியவில்லை. அங்கே எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். பானை பொங்கியதா? நான் நலம்.

பதில் எழுதாதது உங்கள் மேல் உள்ள கோபத்தால் இல்லை. வக்கீல் ஐயா சொன்ன அன்று, வழக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எழுதி அனுப்பவும் உட்கார்ந்தேன். அதனால் உங்களுக்கு எழுதக் கை வரவில்லை. ஷர்லி அக்கா, "வேண்டாம்னா வேண்டாம் அழகி. ஆனா பொங்கல் வரைக்கும் பொறு, அப்பறம் சொல்லு" என்றார். பொறுத்தேன்.

பொங்கலன்று உங்கள் நவம்பர் மாதக் கடிதத்தை மறுபடி படித்தேன். மைப்பெட்டியை ஒதுக்கிப் பேனா கேட்ட இடம். நான் பள்ளிக்கூட விடுதியில் இருந்தபோது நீங்கள் பார்க்க வருவீர்கள். பார்வையாளர் ரிஜிஸ்டரில் கைநாட்டு வைத்துவிட்டு, மை விரலை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு என்னிடம் பேசுவீர்கள். எனக்கு எல்லாம் தெரியும் அப்பா. அந்த விரலோடு நீங்கள் எனக்கு முறுக்கு உடைத்துக் கொடுத்ததும் தெரியும்.

பேனாவை எடுங்கள். வகுப்புக்குப் போங்கள். ஐயா மேல்முறையீடு செய்திருக்கிறார், இரண்டாவது விசாரணை வரும். வழக்கை நான் விடவில்லை.

சாப்பிடுகிறேன். தூக்கம் முன்னைவிடப் பரவாயில்லை.

உங்கள் மகள்,
அழகி


கன்னிமார் திட்டு,
9.2.2025

என் தங்கமே அழகி,

நலம். நீயும் நலமாக இரு. எழுத்து கோணிக்கொண்டு போகிறதே என்று நினைக்காதே. இடது கையால் எழுதுகிறேன். ஆட்டை ஓட்டும்போது வாய்க்காலில் சறுக்கி விழுந்துவிட்டேன். வலது கையில் கட்டு. ஒரு கை படித்ததை இன்னொரு கைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இடது கை மக்குப் பையன், இருந்தாலும் ஆசையாகப் படிக்கிறது.

டீச்சர் எங்களைச் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப் போனார். பாறையில் பழைய எழுத்து வெட்டியிருக்கிறார்கள். "இது என்ன டீச்சர்?" என்று கேட்டேன். "எனக்கும் படிக்கத் தெரியாது தாத்தா" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! அவரும் நானும் ஒரே வகுப்பில் நின்றோம். குகைக்குள் கூரையில் தாமரைக் குளம் வரைந்திருக்கிறார்கள். மீனும் அன்னமும் யானையும் அதில் நிற்கின்றன. அண்ணாந்து பார்த்தபோது நான் குளத்தின் அடியில் படுத்துக்கொண்டு மேலே பார்ப்பது மாதிரி இருந்தது. மூச்சு முட்டவில்லை. அப்படி ஒரு குளத்துக்குள் நீயும் நானும் இருந்துவிடலாம் என்று தோன்றியது.

விசாரணை ஏப்ரல் ஒன்பதாம் தேதி. இந்தத் தடவை ஆபீசுக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். திட்டில் எல்லோரும் கூடிப் பேசினோம். "மச்சான், அழுக்கு வேட்டி கட்டு, எலி பிடிக்கிற கிட்டி ஒண்ணத் தோள்ல போட்டுக்க, கட்டவெரல வையி, எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு" என்கிறாள் மூக்காயி. எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் பேசுவதும் நியாயமாகத்தான் இருக்கிறது.

மாசி மகத்துக்குக் கோட்டைப்பட்டினம் போகிறோம். நம் சாமி கன்னியம்மாவிடம் கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன்.

ஒற்றைக் கையால் கும்பிட்டு உன்னை வாழ்த்தும்,
அப்பா


திருச்சி,
20.2.2025

அப்பா,

கை எப்படி இருக்கிறது? உண்மையாக எழுதுங்கள்.

சின்னம்மா டீச்சர் போனிலிருந்து விடுதிக்குப் பேசினாள். நீங்கள் வாய்க்காலில் சறுக்கவில்லை. அரிமளம் ரோட்டில் மூட்டத்து ஆட்கள் உங்களைச் சைக்கிளோடு தள்ளிவிட்டிருக்கிறார்கள். "மகளச் சமாதானமாப் போகச் சொல்லு, இல்லாட்டி திட்டுல ஒரு கூரையும் நிக்காது" என்று சொல்லியிருக்கிறார்கள். நம் ஆட்களில் ஒருவருக்கும் கார்த்திகையிலிருந்து வெட்டு வேலை இல்லையாம். குழாயையும் அடைத்துவிட்டார்களாம். நீங்கள் எனக்குத் தாமரைக் குளத்தை எழுதுகிறீர்கள்.

உங்கள் மேல் கோபம் இல்லை. நானும் அப்படித்தானே. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்று எழுதுகிறேன்.

வக்கீல் ஐயாவிடம் சொல்லியிருக்கிறேன். உங்களைத் தள்ளியதற்குத் தனிப் புகார் கொடுக்கப் போகிறார். நீங்கள் தனியாக எங்கும் போக வேண்டாம்.

அழகி


கன்னிமார் திட்டு,
16.3.2025

என் தாயே அழகி,

கை நன்றாகிவிட்டது. இது வலது கை எழுத்துதான், பார். குழாய் விஷயம் ஐயா மனு கொடுத்த பிறகு சரியாகிவிட்டது. இனி மறைக்க மாட்டேன். கூரை ஒன்றும் விழவில்லை. பயம் மட்டும் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று உனக்குச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

கடலுக்குப் போய் வந்தோம். வேன் பிடித்துப் போனோம். கோட்டைப்பட்டினத்தில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வலை காயவைத்திருந்த ஒரு பாய் வீட்டு அம்மா, "போன வருசமும் வந்தீகள்ல? அங்கிட்டுச் சுத்தமான மணல் இருக்கு, அங்க போயி கும்பிடுங்க" என்று இடம் காட்டினார். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்.

மணலைக் கூட்டிப் படி கட்டினோம். வேப்பங்கொத்து நட்டோம். உனக்குத் தெரியும், முதலில் பெண்கள்தான் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். மூக்காயி போனாள். சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு, "ஆத்தா கன்னியம்மா, கோவிச்சுக்கிட்டுக் கடலுக்குப் போனவளே, வா, வீட்டுக்கு வா" என்று கூப்பிட்டாள். எல்லோரும் கூப்பிட்டோம். நிலா கடலிலிருந்து எழுந்து வந்தது. அலை வந்து மணல் படியைத் தொட்டுவிட்டுப் போனது. தொட்டால் வந்துவிட்டாள் என்று கணக்கு.

நான் ஈர மணலில் உட்கார்ந்து ஒரு குச்சியால் உன் பெயரை எழுதினேன். அலை அழித்தது. மறுபடி எழுதினேன். எத்தனை தடவை என்று தெரியாது. ஒரு நேரத்தில் அலை அழிப்பதாகவே தோன்றவில்லை. கடல் அதை வாசித்து வாசித்து எடுத்துக்கொண்டு போகிறது என்று தோன்றியது. எங்கே கொண்டுபோகிறது? யாரிடம் காட்டும்? தூக்கம் வந்துவிட்டது. தூக்கத்திலும் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

காலையில் முடிவு செய்துவிட்டேன். ஒன்பதாம் தேதி அழுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போகிறேன். எலிக்கிட்டி எடுத்துக்கொள்கிறேன். கட்டைவிரல் வைக்கிறேன். ஒரு விரல்தானே அழகி. அவர்களுக்கு எப்படிப்பட்ட செல்லமுத்து வேண்டுமோ அப்படி இருந்துவிட்டு வருகிறேன். அதற்கப்புறம் வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்வேன்.

வேண்டாம் என்று எழுதாதே.

கடல் உப்பு இன்னும் காலில் இருக்கும்,
உன் அப்பா


திருச்சி,
5.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இந்தத் தடவை உண்மையாகவே நலம். உங்கள் கை வலி முழுக்க விட்டதா?

புதன்கிழமை நீங்கள் ஆபீசுக்குப் போக வேண்டாம். நேற்று நானே போய்விட்டு வந்தேன். மனுதாரர் நான்தான், என்னை முதலில் விசாரிக்கலாம் என்று வக்கீல் ஐயா எழுதிக் கேட்டிருந்தார். ஷர்லி அக்கா கூட வந்தார். புதுக்கோட்டையில் பஸ் இறங்கினோம். ஊர்ப் பக்கத்து மண் வாசனை மூக்கில் ஏறியதும் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். அக்கா என் கையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான்.

புது அதிகாரி. வயதானவர். முன்னால் பெரிய ஃபைல்.

"பெரியவர் வரலையாம்மா?"

"அவரு வரமாட்டாரு சார். கேஸ் என்னோடது."

"சரி, உக்காரு. பழக்கவழக்கம் பத்திக் கொஞ்சம் கேக்கணும். எலி பிடிக்கத் தெரியுமா? மூலிகை கீலிகை தெரியுமா?"

"தையல் மெஷின் ஓட்டத் தெரியும் சார்."

கிளார்க் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. "அப்பா எழுதுறாரு, நீ தைக்கிற. பின்ன நீங்க இருளர்னு நான் எத வச்சும்மா எழுதுறது?" என்று கேட்டார். கெட்ட மனதோடு கேட்கவில்லை. சும்மா, வேலையாகக் கேட்டார்.

அப்போதுதான் அது என் வாயிலிருந்து வந்தது, அப்பா. நான் யோசித்துப் போகவில்லை.

"அன்னைக்கு மூட்டத்துல என் முடியப் பிடிச்சு இழுத்தவன் எங்கிட்டச் சர்டிபிகேட் கேக்கல சார். என் பேரச் சொல்லிக்கூடக் கூப்பிடல. 'இருளச்சிதானே, எங்க போயிச் சொல்லுவே'ன்னான். போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல ராத்திரி வரைக்கும் உக்கார வச்சவங்களும் கேக்கல, 'இருளச்சிக்கு என்ன அவசரம்'னு மட்டும் சொன்னாங்க. அவங்க எல்லாத்துக்கும் பார்த்ததும் தெரிஞ்சுது. ஒங்களுக்கு மட்டும் ஏன் சார் தெரியல?"

கிளார்க்கின் பேனா நின்றுவிட்டது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இத எழுதிக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

"எழுதுங்க சார். நான் சொன்ன மாதிரியே எழுதுங்க."

எழுதினார்கள். படித்துக் காட்டச் சொன்னேன். காட்டினார்கள். வெளியே வந்ததும் எனக்குப் பயங்கரப் பசி. பஸ் ஸ்டாண்டில் புரோட்டா தின்றேன். ஷர்லி அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். "எத்தனை நாளாச்சு நீ இப்பிடிச் சாப்பிட்டு" என்றார். அது நடந்த ஆடி மாதத்திலிருந்து நான் ருசி பார்த்துச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

பஸ்ஸில் வரும்போது கடலை நினைத்துக்கொண்டே வந்தேன். வருஷா வருஷம் கன்னியம்மாவை வா வா என்று கூப்பிடுகிறோம். ஏன் கோபித்துக்கொண்டு போனாள் என்று யாராவது அவளிடம் கேட்டிருக்கிறோமா? கேட்டிருந்தால் அவளே சொல்லிவிட்டு எழுந்து வந்திருப்பாள்.

ஜூன் மாதம் கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டுதான் விசாரிப்பார்களாம். நீங்களும் சாட்சி என்பதால் வெளியில்தான் இருக்க வேண்டும். முன்பின் தெரியாத அத்தனை பேரிடம் முழுவதும் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. நேரில் முகத்தைப் பார்த்து முடியாது. எழுதட்டுமா அப்பா?

வேண்டாம் என்றாலும் எனக்கு வருத்தம் இல்லை.

அழகி


கன்னிமார் திட்டு,
20.4.2025

அழகி,

நீ சாப்பிட்டாய் என்று படித்து முதலில் மூக்காயிக்குச் சொன்னேன். "எந்தக் கடையில?" என்று கேட்டாள். அவளுக்கு அதுவும் தெரிய வேண்டும்.

வக்கீல் ஐயா வந்தார். இந்தத் தடவை அறிக்கை நம் பக்கம் இருக்கும் என்கிறார். நீ சொன்னதை அப்படியே சேர்த்திருக்கிறார்களாம். கையில் வரும் வரை நிச்சயம் இல்லை, வராவிட்டால் இன்னும் மேலே போகலாம் என்றார். "போவோம் ஐயா" என்றேன்.

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. பாதி படித்துவிட்டு மடித்து வைத்தேன். அவன் சொன்ன அந்த வார்த்தை வந்த இடத்தில் நிறுத்தினேன். எழுத்துக் கூட்டித்தானே நான் படிப்பேன். நீங்களெல்லாம் ஒரு பார்வையில் தாண்டிவிடுவீர்கள். எனக்கு ஒவ்வொரு எழுத்தாக வந்தது. முதல் எழுத்து, அடுத்த எழுத்து, அடுத்தது. எழுந்து ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டேன். மறுநாளும் அங்கேயே நின்றேன். மூன்றாம் நாள்தான் தாண்டினேன். தாண்டினால் அந்தப் பக்கம் நீ நிற்கிறாய், அதிகாரிக்கு முன்னால், குரல் உயர்த்திப் பேசிக்கொண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் தழை ஒடித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டால் நீ தாங்க மாட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாங்க முடியாதவன் நான்தான்.

இப்போது கேட்கிறேன் அம்மா. அன்றைக்கு என்ன நடந்தது? அவன் உன்னை என்ன செய்தான்?

எழுது. டீச்சரிடம் காட்ட மாட்டேன், மூக்காயியிடம் சொல்ல மாட்டேன். எத்தனை தாள் ஆனாலும் எழுது. எனக்கு நாளாகும். நடுவில் எழுந்து போக மாட்டேன்.

அப்பா